யார் பேரில் லைன் எடுப்பது

பேச்சுக்கு அதிக வேகம் வேண்டாம். இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்புவதில்லை. இன்டர்நெட் என்றாலே எத்தனை எம்பி என்றுதான் கேட்கிறார்கள். படம் பார்க்கிறவர்களுக்கு அது சரி. படம் கொஞ்சம் முன்கூட்டியே வந்து தேங்கி நிற்கும், நடுவில் லைன் தடுமாறினாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. பேச்சை அப்படித் தேக்கி வைக்க முடியாது. அது கொஞ்சமாக வந்தால் போதும், ஆனால் விடாமல் வர வேண்டும், வரிசை மாறாமல் வர வேண்டும், போவதும் வருவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு சொல் தாமதித்து வந்தால் எதிரே இருப்பவர் நாம் பேசவில்லை என்று நினைத்துத் தானே பேச ஆரம்பிப்பார். அதே நேரத்தில் நம் சொல் அவருக்குப் போய்ச் சேரும். இரண்டு பேரும் நிறுத்துவோம். இரண்டு பேரும் "சொல்லுங்க" என்போம். மறுபடி இரண்டு பேரும் நிறுத்துவோம். இப்படி ஒரு நாள் முழுக்கப் பேசிப் பாருங்கள், யாரையாவது அடிக்கலாம் போல இருக்கும்.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், சென்னையில் ஒரு கம்பெனியின் போன் டெஸ்கில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். தங்கியது பெண்கள் விடுதியில். கல்யாணமாகி, அது சரிப்படாமல், புருஷன் வீட்டைவிட்டு வந்த பிறகு ஒரு கட்டிலும் அதன் கீழே ஒரு டிரங்குப் பெட்டியும்தான் என் குடித்தனம். ஒரு நாள் கம்பெனியில் எல்லோரையும் கூட்டி, இனிமேல் ஆபீஸ் கிடையாது, அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு, எனக்கு வீடு என்றால் எது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் அப்பச்சி, அதாவது அப்பா, பிறந்த வீடு இருக்கிறது. வீடு என்று ஒருமையில் சொல்கிறேனே தவிர, அது எத்தனையோ பேருடைய வீடு. தெருவைப் பார்த்த முகப்பு, அதைத் தாண்டினால் முற்றமும் சுற்றி அறைகளுமாக வளவு, அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, சமையல்கட்டு என்று அடுத்த தெரு வரைக்கும் போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒன்று. அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், அறைகளில் பூட்டு இருக்கிறது. விசேஷம் என்றால் வந்து திறப்பார்கள். அப்பச்சியும் ஆத்தாவும் காலமான பிறகு எங்கள் அறைச் சாவி என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அங்கே போய் இருக்கலாமா என்று பெரியப்பச்சியின் மூத்த மகனைக் கேட்டேன். அந்த வீட்டுக்காகப் பேசுகிறவர் அவர்தான். எனக்கு அண்ணன் முறை, சென்னையில் தொழில்.

"தாராளமா இரு ஆத்தா. சும்மா பூட்டிக் கெடக்குறதுக்கு, நீ இருந்தா ஒரு வெளக்காச்சும் எரியும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல்லில் எத்தனை நாளைக்கு என்று இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

நான் ஊருக்குப் போன சில மாதத்தில் அந்தக் கம்பெனி எங்களையே வேண்டாம் என்றுவிட்டது. ஆனால் தெரிந்த தொழில் கையில் இருந்ததே. சென்னையில் ஒரு பல் டாக்டரும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடமும் எனக்குப் பழக்கம். அவர்களுக்கு வரும் போன்களை நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். இன்டர்நெட் போன் என்றால் வேறொன்றுமில்லை. யாரோ ஒருவர் சென்னை நம்பருக்குக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் என் லேப்டாப்பில் மணி அடிக்கும். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "வணக்கம், சொல்லுங்க" என்பேன். நாளைக்குக் காலையில் வரலாமா, வெறும் வயிற்றோடு வரணுமா என்று கேட்பார்கள். தாம் பேசுவது திருமயம் தாலுகாவோடு என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். விவசாயக் குடும்பம், பட்டப்படிப்பு முடித்தவள், புருஷன் துபாயில். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவள், நடந்து வரும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதும் ஓடி வந்தாள். குரல் நன்றாக இருக்கும். கோபக்காரர்கள்கூட அவளிடம் கொஞ்சம் இறங்கித்தான் பேசுவார்கள்.

லைனுக்கு சிம் போட்ட ரவுட்டர் ஒன்று வாங்கினேன். யாரையும் கேட்க வேண்டாம், சுவரில் ஒன்றும் அடிக்க வேண்டாம். கடையில் காசு கொடுத்தால் கொடுத்துவிடுகிறார்கள். என் ஆதாரில் இருந்த சென்னை விடுதி முகவரியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்த வீட்டுச் சுவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டினார்கள், சிக்னலும் வரவில்லை. முகப்பு ஜன்னலில் வைத்தால் ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாக எரியும். வளவுக்குள் நுழைந்தால் குரல் உடையும். இரண்டாம் கட்டுக்குப் போனால் சுத்தமாக ஒன்றும் இருக்காது. அதனால் இரண்டு பேரும் முகப்பிலேயே ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்தோம். தெருவில் போகிற மீன்காரர் ஸ்பீக்கர் போட்டுக் கூவினால் பல் டாக்டரின் நோயாளிகளுக்கும் கேட்கும். ஒரு அம்மா, "அங்க என்னங்க, நெத்திலி விக்கிறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவா முடியும், டிவி ஓடுகிறது என்றேன்.

சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம். எங்கள் பக்கத்துக்கெல்லாம் ஒரே டவர். வேலை முடிந்து வந்து எல்லோரும் போனைத் திறப்பார்கள். அப்போதும் எம்பி கணக்குப் பார்த்தால் நன்றாகத்தான் காட்டும். பேச்சு மட்டும் நொண்டும். முதலில் சொன்னேனே, அந்த "சொல்லுங்க, சொல்லுங்க" கூத்து அப்போதுதான் நடக்கும். பல் டாக்டருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் அவ்வளவு போன் வராது, ஒப்பேற்றினோம்.

பிறகு கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். சென்னையில் பல கிளைகள் உள்ள ஆஸ்பத்திரி. அதன் மேனேஜர் ஒரு அம்மா. பல் டாக்டர் சொல்லி என்னைப் பிடித்தார். ஒரு கிளையின் போனை மட்டும் ஒரு மாதத்துக்குத் தருகிறோம், லைன் சரியாக இருந்தால் எல்லாக் கிளையும் உங்களுக்குத்தான் என்றார். எல்லாக் கிளையும் என்றால் இன்னும் நாலு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிது, அதன் பிறகு அந்த ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்காது. விடுதிக்குத் திரும்ப வேண்டாம், கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ள வேண்டாம். எனக்கு அந்த வீட்டின்மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் லீவுக்கு வந்ததோடு சரி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் இடம் என்பது என்ன என்று, இல்லாதவளுக்குத்தான் தெரியும்.

முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் ஆனவர். எந்தக் கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து என்று கேட்டார். துணைக்கு இருந்த பெண் எடுத்தாள். திரையில் பார்த்து, நிதானமாக, பச்சை மூடி போட்டது வலது கண்ணுக்கு என்றாள். அவர், "எந்தக் கண்ணும்மா?" என்றார். அவள் மறுபடி சொன்னாள். அவர் அதற்குள் வேறு ஏதோ பேச, இரண்டும் மோதிக்கொண்டன. "இடதா?" என்று மட்டும் கேட்டது. அதோடு போனை வைத்துவிட்டார். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் என் கைபேசியை எடுத்துக்கொண்டு தெருவின் நடுவே போய் நின்று அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். இடது கண்ணில் விட மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

மறுநாள் மேனேஜர் அம்மா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "மேடம், உங்க ஆளுங்க நல்லா பேசுறாங்க. லைன்தான் சரியில்ல. இது கண்ணு விஷயம், பாருங்க" என்றார்.

பார்த்தேன். வேறு கம்பெனி சிம் போட்டுப் பார்த்தேன், அதுவும் அதே டவரில்தான் தொங்கியது. பழைய லேண்ட்லைன் கம்பி ஒன்று முகப்பு மூலையில் செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. டெலிபோன் ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, அந்தப் பக்கம் அதெல்லாம் எடுத்தாச்சும்மா என்றார்கள். டவரிலிருந்து காற்று வழியாக, மாடியில் ஒரு தட்டு வைத்து லைன் தருகிறவர்கள் புதுக்கோட்டையில் இருந்தார்கள். அவர்களுடைய ஆள் வந்து மாடியேறிக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, கோட்டை மறைக்குதுங்க என்றார். எத்தனையோ பேரைத் தடுப்பதற்காகக் கட்டிய திருமயம் கோட்டை, கடைசியில் என்னையும் தடுத்தது.

மிச்சம் இருந்தது கேபிள்காரர். எங்கள் தெருவுக்கு டிவி கொடுப்பவர்தான் இப்போது ஃபைபரும் கொடுக்கிறார். எதிர்ச்சாரியில் போஸ்ட் மேல் அவர் கம்பி போகிறது. தெருமுனை டீக்கடைக்கு அதில் ஒரு லைன் உண்டு. எடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்று, ஒரு நாள் சாயங்காலம் டவர் நெரிசலாக இருக்கும் நேரமாகப் பார்த்து லேப்டாப்போடு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். வடைச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அந்தப் பக்கம் ரிசப்ஷனில் இருந்த பெண் பேனாவை மூடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு சொல் பிசகவில்லை.

"இதுதான் லைன்" என்றேன் கேபிள்காரரிடம்.

"நாளைக்கே போட்டுருவம் ஆச்சி" என்றார் அவர். எங்கள் வீட்டுப் பெண்களை, வயது பார்க்காமல், ஆச்சி என்பதுதான் ஊர் வழக்கம். "தொழில் லைனா எடுத்தா நல்லா கவனிப்பாக. வீட்டுக்காரவுக ஒரு லெட்டர் குடுக்கணும். பில்லு அந்த வெலாசத்துக்கு வரும். அம்புட்டுத்தான்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். முகப்பிலிருந்துதான்.

"செவுத்துல ஓட்ட போடணுமா?" என்றார். "அது சுண்ணாம்புச் செவுரு ஆத்தா. முட்டையும் கடுக்காயும் போட்டுப் பூசுனது. ஒரு எடத்துல தட்டுனா ஊரெல்லாம் உதுரும்."

"ஓட்ட வேணாம்ணே. ஜன்னல் சந்து வழியாக் கொண்டாந்துரலாம்கிறாக."

"பர்மாத் தேக்கு ஜன்னல்ல போயிக் கம்பியத் தொங்க விடுறதா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"பின்னாடித் தெரு வழியா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ரவுட்டரைப் பார்த்தேன், பச்சையாகத்தான் இருந்தது.

"பில்லு யாரு பேர்ல வரும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் குடும்பத்தில் ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். பெண் கல்யாணமாகிப் போனால் புருஷனுடைய புள்ளிக்குள் அடங்கிவிடுவாள். நான் அந்தப் புள்ளியிலிருந்து வெளியே வந்தவள். இந்தப் பக்கமும் புள்ளியில்லை, அந்தப் பக்கமும் இல்லை. சட்டம் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்கிறது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி. அந்தக் கதவு எண்ணுக்கு என் பேரில் மாதாமாதம் ஒரு பில் வந்தால், நாளைக்கு நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று காட்ட ஒரு காகிதம் ஆகிவிடும்.

"எம் பேர்ல வேணாம்ணே. ஒங்க பேர்லயே எடுங்க. நான் கட்டிக்கிறேன்."

"எம் பேர்ல எடுத்தா மத்தவுக கேப்பாகள்ல, வீட்ட நீயே எழுதிக்கிட்டியான்னு. சிங்கப்பூர்ல இருக்குறவன் சும்மா இருப்பானா?"

அதுவும் நியாயம்தான். இத்தனை பேருக்குச் சொந்தமான வீட்டில் கையெழுத்துப் போட ஒருவருக்கும் உரிமையில்லை. அப்படியானால் கரண்ட் மட்டும் எப்படி வருகிறது என்று எடுத்துப் பார்த்தேன். அது இன்னும் எங்கள் பாட்டையா பேரில் வந்துகொண்டிருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். செத்தவர் பேரில் இருப்பதால் யாருக்கும் சண்டையில்லை. ஃபைபரையும் அவர் பேரிலேயே எடுத்துவிடலாம், ஓடிபி கேட்பார்கள். இதைக் கேபிள்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

கடைவீதியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று சென்னைத் தோழி ஒருத்தி சொன்னாள். டீக்கடை மாடியில் அறை இருக்கத்தான் இருந்தது. துணைக்கு இருந்த பெண்ணின் மாமியார், ஆச்சி வீட்டுக்கு வருவது வேறு, கடை மாடிக்கு ஏறுவது வேறு என்று சொல்லிவிட்டார். தவிரவும் நான் எங்கே படுப்பது? வீட்டில் படுத்துக் கடையில் வேலை பார்த்தால் வாடகை கொடுத்த பிறகு மிஞ்சுவது தண்ணீர்ப் பாட்டிலுக்கும் காணாது.

டிரையல் மாதம் பாதி கழிந்திருந்தபோது அண்ணனே கூப்பிட்டார். அவருக்கு அறுபதாங் கல்யாணம். வீட்டில்தான் வைக்கிறார்கள். வெள்ளையடிக்க ஆள் வரும், சமையலுக்கு ஆள் வரும், கொஞ்சம் பார்த்துக்கொள் என்றார். அதோடு, "நேரலை போடணும் ஆத்தா. அமெரிக்காவுல இருக்குற பிள்ளைக பாக்கணும்ல. ஒங்க கேபிள்காரர்ட்ட சொல்லி ஒரு லைன் இழுக்கச் சொல்லு" என்றார்.

சரிண்ணே என்றேன். வேறு ஏதாவது பேசினால் அந்த லைனும் போய்விடும் என்று பயமாக இருந்தது.

விசேஷம் நெருங்கியதும் ஒரு காலைப் பொழுதுக்குள் லைன் வேலை முடிந்தது. எதிர்ச்சாரிப் போஸ்டிலிருந்து கம்பி தெருவைத் தாண்டி வந்தது. முட்டையும் கடுக்காயும் போட்டுப் பூசிய சுவரில் முகப்பு ஜன்னலுக்குக் கீழே துளை போட்டார்கள். ஊரெல்லாம் ஒன்றும் உதிரவில்லை. விசேஷத்துக்கு வந்துவிட்டிருந்த அண்ணன் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லைன் யார் பேரில் என்று கேட்டேன். வீடியோ எடுக்க வந்தவர் பேரில் எடுத்துவிட்டார்களாம். விசேஷத்துக்கு வந்த மூன்றாம் மனிதர், எந்தப் பங்காளிக்கும் ஆட்சேபம் இல்லை.

கேபிள்காரர் என்னைப் பார்த்தார். நான் கேட்காமலே இன்னொரு வயரை வளவு வழியாக இழுத்து, அப்பச்சியின் அறைக்குள் கொண்டுவந்து விட்டார்.

அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தது அதுதான் முதல்முறை. வெளியே நாதஸ்வரம், பந்தி, பிள்ளைகள் ஓட்டம். கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. இத்தனை நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த சுவர் இப்போது எனக்காக நின்றது. நானும் அந்தப் பெண்ணும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு, ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி சாப்பிடப் போனால் ஒருத்தி போன் எடுத்தோம். பெரியவர்கள் கேட்டார்கள், நாங்கள் சொன்னோம், அவர்களுக்கு விளங்கியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நாட்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இடையில் ஒருமுறை அவள், "ஆச்சி, ஒரு ஹலோவுக்கு மேல சொல்லவே வேண்டியதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

மேனேஜர் அம்மா கூப்பிட்டார். "ஆபீஸ் மாத்திட்டீங்களா மேடம்? பக்கத்து சீட்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

"லைன் மாத்திருக்கோம் மேடம்."

"இப்படியே இருந்தா போதும். மத்த கிளைங்க லிஸ்ட் அனுப்புறேன்."

விசேஷம் முடிந்து உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேபிள்காரரிடம் போய், இந்த லைனை அப்படியே விட்டுவைக்க வழியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "வீடியோக்காரர் பேரை எடுத்துட்டு எம் பேர்ல மாத்திக்கிறேன் ஆச்சி. பில்லு என் கடைக்கு வரும். ஒங்க வீட்டு நம்பரு எதுலயும் வராது. லைன் பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். இதைவிட யாரும் இறங்கி வர முடியாது. அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோது நானே சொன்னேன். யார் பேரும் இல்லை, காகிதமே இல்லை என்றேன்.

"பாப்பம் ஆத்தா" என்றார், துண்டில் கை துடைத்துக்கொண்டு. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு அதை நினைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். எந்தக் கிளையை எப்போது எடுப்பது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் குரல் நின்றது. உடையவில்லை, நொண்டவில்லை, ஒரேயடியாக நின்றது. எழுந்து முகப்புக்குப் போனேன். கேபிள்காரரின் ஆள் ஏணியில் நின்று கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கீழே கேபிள்காரர், என்னைப் பார்க்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே கொத்தனார் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கார் வெளியே நின்றது, பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"யாரு பேர்லயும் இல்லன்னு சொன்னனேண்ணே" என்றேன்.

"பேரு இல்ல ஆத்தா விஷயம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார். "லைனு இருந்தா நீ இருப்பேல்ல. இன்னும் நாலு பிள்ளைகளக் கொண்டாந்து வப்ப. ஆபீசுங்கும் ஊரு. அப்பறம் யாரு வந்து என்ன சொல்ல முடியும்? இப்ப நீ இருக்க, நல்லாருக்கு. இப்புடியே இரு."

இப்படியே என்றால் பிழைப்பில்லாமல். அதைச் சொல்லியிருக்கலாம். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். வேஷம் போடவில்லை, உண்மையிலேயே பாசமாகத்தான் தொட்டார். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு வில்லனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன்.

கொத்தனார் கெட்டிக்காரர். துளை இருந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுபடி சிம் ரவுட்டரை ஜன்னலில் வைத்தோம். மீன்காரர் வந்தார், சாயங்காலம் வந்தது. மேனேஜர் அம்மா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கூப்பிட்டு, "உங்க மேல குறை இல்ல மேடம், நடுவுல ஒரு வாரம் எவ்ளோ நல்லா இருந்துச்சு, அது என்ன லைனோ அதையே எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அந்த லைன் எங்கள் வீட்டுக்கு எதிரே, போஸ்ட் மேல், கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க முடியாது என்பதை ஒரு சென்னைக்காரருக்கு எப்படி விளக்குவது? டெக்னிக்கல் பிராப்ளம் என்றேன். வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, பல் டாக்டரும், அவர் பின்னாலேயே பரிசோதனைக் கூடத்துக்காரர்களும் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன், இனிமேல் சம்பளம் தர வழியில்லை என்று. அவள் அழவில்லை. "திருச்சியில ஒரு எடத்துல போன் வேலைக்குக் கேட்டுருக்கேன் ஆச்சி. கீரனூர் வழிதான். காலையில இருட்டோட கெளம்புனா சரியாருக்கும்" என்றாள். எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹெட்செட்டைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இரண்டு பஸ் மாறிப் போகிறாள், குரல் கட்டியிருந்தது.

நானும் சென்னைக்கே திரும்புவதென்று முடிவு செய்தேன். அதே விடுதியில் கட்டில் காலியாக இருந்தது. போவதற்கு முந்தின நாள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முகப்பில் நின்றுதான் எடுத்தேன். கணீரென்று கேட்டது.

"என்ன ஆத்தா, போறேன்னு கேள்விப்பட்டேன். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒன்ன யாரு போகச் சொன்னா? நீ இருக்கேன்னுதான் நாங்கள்லாம் நிம்மதியா இருந்தம். பூட்டிப் போட்டா கரையான் ஏறிரும். மழை வந்தா ஓடு மாத்தணும், யாரு நின்னு பாப்பா? நம்ம வீடு ஆத்தா அது. ஒனக்கு இல்லாத அக்கறையா…"

போனைக் காதில் வைத்தபடியே திரும்பி உள்ளே நடந்தேன். முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்ததும் அவர் குரல் உடைய ஆரம்பித்தது. "நம்ம" என்று ஒன்று வந்தது. பூட்டிய அறைகளைக் கடந்து போனேன். கொஞ்சம் விட்டு "ஹலோ" என்றார். அப்புறம், "கேக்குதா?" என்றார். எனக்குக் கேட்டது. நடந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் கட்டின் நிலைப்படியைத் தாண்டியபோது அது நின்றுவிட்டது.